மார்க்கோ பந்தானி

மார்க்கோ பந்தானி (ஜனவரி 13, 1970 – பெப்ரவரி 14, 2004) இத்தாலியைச் சேர்ந்த தொழில்முறை மிதிவண்டிப் பந்தய வீரர் ஆவார். மலையேற்றக் கட்டங்களில் தன் காலத்தில் நிகரற்றவராக விளங்கிய இவர், 1998ஆம் ஆண்டில் ஜிரோ டி இத்தாலியா, டூர் டி பிரான்ஸ் ஆகிய இரு பெரும் பந்தயங்களையும் ஒருசேர வென்றார். மறு ஆண்டே ஜிரோவில் வெற்றியின் விளிம்பில் நின்றபோது குருதிச் சோதனை ஒன்றின் காரணமாக வெளியேற்றப்பட்டார். அதன் பின்னர் பழைய நிலைக்கு அவர் முழுமையாகத் திரும்பவே இல்லை. தலையில் கட்டிய துணி, காதில் வளையம், மழித்த தலை ஆகியவற்றால் கடற்கொள்ளையன் என்னும் பட்டப்பெயர் இவருக்கு ஏற்பட்டது. இளமையில் பெரிய காதுகளை வைத்துக் குட்டி யானை என்றும் அழைக்கப்பட்டார். இந்தப் பெயரை அவர் விரும்பவில்லை.

இளமை

வடக்கு இத்தாலியின் ரொமாஞ்ஞா பகுதியிலுள்ள செசெனா நகரில் பந்தானி பிறந்தார். அருகிலுள்ள செசெனாத்திக்கோ என்ற கடற்கரை ஊரில் வளர்ந்தார். தந்தை நீர்க்குழாய்ப் பணியாளர். அட்ரியாட்டிக் கடலோரத்துச் சமவெளியில் வளர்ந்த ஒருவர் உலகின் மிகச்சிறந்த மலையேற்ற வீரராக ஆனது சற்று வியப்புக்குரியதே. உள்ளூரில், புகழ்பெற்ற இத்தாலிய வீரர் பவுஸ்தோ கோப்பியின் பெயரைத் தாங்கிய மிதிவண்டிக் கழகத்தில் சேர்ந்து பயிற்சி பெற்றார்.

தொழில்முறை சாராத வீரர்களுக்கான ஜிரோ பந்தயத்தில் 1990இல் மூன்றாம் இடத்தையும், 1991இல் இரண்டாம் இடத்தையும், 1992இல் முதலிடத்தையும் பெற்றார். அதே ஆண்டில் கார்ரெரா அணியில் சேர்ந்து தொழில்முறை வீரரானார்.

பந்தானியின் உயரம் 172 செ.மீ., எடை சுமார் 57 கிலோ. சமதரையில் தனித்து ஓட்டும் நேர ஓட்டங்களில் இந்த மெலிந்த உடல் அவருக்குப் பாதகமாக அமைந்தது. ஆனால் செங்குத்தான சாலைகளில் அதுவே பெரும் பலமாயிற்று. மலையேறும்போது பெரும்பாலானோர் இருக்கையில் அமர்ந்து ஓட்ட, இவர் எழுந்து நின்று, கைப்பிடியின் தாழ்ந்த வளைவைப் பற்றியபடி வேகம் எடுப்பார்.

எழுச்சியும் விபத்துகளும்

1994ஆம் ஆண்டு ஜிரோவில் மெரானோ, அப்ரிகா ஆகிய இடங்களில் முடிவடைந்த இரு கட்டங்களை அடுத்தடுத்து வென்றார். ஸ்தெல்வியோ, மொர்த்திரோலோ ஆகிய கடினமான கணவாய்களைத் தாண்டிச் சென்ற அப்ரிகா கட்டமே இவரை இத்தாலி முழுவதும் அறியச் செய்தது. முடிவில் உருசியாவின் எவ்கேனி பெர்சினுக்கு அடுத்ததாக இரண்டாம் இடம் பெற்றார். அக்காலத்தில் வெல்லமுடியாதவராகக் கருதப்பட்ட எசுப்பானிய வீரர் மிகேல் இந்துராயின் இவருக்குப் பின் மூன்றாவதாக வந்தார். அதே ஆண்டு டூர் டி பிரான்சில் பந்தானி மூன்றாம் இடத்தையும் சிறந்த இளம் வீரருக்கான பட்டத்தையும் பெற்றார்.

1995ஆம் ஆண்டு வெற்றியும் விபத்தும் கலந்ததாக அமைந்தது. மே மாதத்தில் பயிற்சியின்போது கார் மோதியதால் ஜிரோவில் பங்கேற்க இயலவில்லை. யூலையில் டூர் டி பிரான்சில் ஆல்ப் துவேஸ் உட்பட இரு மலைக் கட்டங்களை வென்றார். கொலம்பியாவில் நடைபெற்ற உலகப் போட்டியில் வெண்கலப் பதக்கம் பெற்றார். அந்தப் பதக்கத்தைப் பெற்ற சில நாட்களிலேயே, அக்டோபர் 18 அன்று, மிலானோ–தொரினோ பந்தயத்தில் இறக்கம் ஒன்றில் விரைந்துகொண்டிருந்தபோது, மூடப்பட்டிருக்க வேண்டிய சாலையில் எதிரே வந்த வாகனத்துடன் மோதினார். இடது காலின் கணைக்கால் எலும்புகள் இரண்டும் முறிந்தன. இனிப் பந்தயத்தில் ஓட்டுவாரா என்ற ஐயம் எழுந்தது. 1996ஆம் ஆண்டின் பெரும்பகுதி சிகிச்சையிலும் மீள்பயிற்சியிலும் கழிந்தது.

இந்த விபத்துக்கு இன்னொரு விளைவும் உண்டு. மருத்துவமனையில் எடுக்கப்பட்ட இவரது குருதியில் சிவப்பணுக்களின் அளவு 60 விழுக்காட்டைத் தாண்டியிருந்தது. அப்போது இது வெளியே தெரியவில்லை. ஆண்டுகள் கழித்து அந்த மருத்துவப் பதிவே நீதிமன்றத்தில் அவருக்கு எதிரான சான்றாக வைக்கப்பட்டது.

1997இல் மெர்கத்தோனே ஊனோ என்னும் புதிய அணியின் தலைவராக மீண்டும் வந்தார். அவ்வாண்டு ஜிரோவில் பந்தயத்தின் குறுக்கே ஓடிய பூனையால் விழுந்து காயமுற்று விலகினார். எனினும் டூர் டி பிரான்சில் ஆல்ப் துவேஸ் மலையிலும் மோர்சினிலும் வென்று மூன்றாம் இடத்தைப் பிடித்தார். காலை இழந்துவிடுவாரோ என அஞ்சப்பட்டவர் இரண்டே ஆண்டுகளில் ஆல்ப்ஸ் மலையில் முதல்வராக நின்றது இத்தாலிய மக்களை அவர்பால் ஈர்த்தது.

1998: இரட்டை வெற்றி

1998 ஜிரோவில் மொந்தேகம்பியோனே ஏற்றத்தில் உருசிய வீரர் பாவெல் தோன்கோவை நெடுநேரம் போராடிப் பின்தள்ளி, இறுதியில் ஒன்றரை நிமிட வேறுபாட்டில் வாகை சூடினார். கடைசி நேர ஓட்டத்தில், தனக்குப் பழக்கமில்லாத அந்த வகையில், பந்தானி மிகச் சிறப்பாக ஓட்டியதைச் சிலர் அப்போதே கேள்விக்குள்ளாக்கினர்.

டூர் டி பிரான்சில் பங்கேற்க முதலில் அவருக்கு விருப்பமில்லை. அணியின் வழிகாட்டியான லூச்சியானோ பெட்சி யூன் மாதத்தில் காலமானார். 1965இல் பெலீச்சே ஜிமோந்தி டூரை வென்றபோது அவரது அணியை நடத்தியவர் பெட்சியே. அவர் நினைவாகவே பந்தானி பிரான்சு செல்ல இணங்கினார் என்று கூறப்படுகிறது. டப்ளினில் நடந்த தொடக்க நேர ஓட்டத்தில் அவர் பெற்ற இடம் 181.

அவ்வாண்டு டூர் பந்தயத்தைவிட ஊக்கமருந்தே தலைப்புச் செய்தியாக இருந்தது. பந்தயம் தொடங்குமுன் பெஸ்தினா அணியின் ஊழியர் ஒருவர் பெல்ஜியம்–பிரான்சு எல்லையில் வாகனம் நிறைய மருந்துகளுடன் பிடிபட்டார். அவ்வணி வெளியேற்றப்பட்டது. காவல்துறை விடுதிகளைச் சோதனையிட்டது. வீரர்கள் சாலையில் அமர்ந்து மறியல் செய்தனர். பந்தானியும் அதில் கலந்துகொண்டார். 189 பேர் தொடங்கிய பந்தயத்தில் பாரிசை அடைந்தவர்கள் 96 பேர் மட்டுமே.

இந்தக் குழப்பத்தின் நடுவே யூலை 27 அன்று கிரனோபிளிலிருந்து லே தூசால்ப் வரையிலான கட்டம் நடைபெற்றது. மழை கடுங்குளிருடன் பெய்தது. முந்தைய ஆண்டின் வெற்றியாளரான செருமனியின் யான் உல்ரிச் மஞ்சள் சட்டையுடன் மூன்று நிமிடம் முன்னணியில் இருந்தார். 2,600 மீட்டருக்கும் உயரமான கலிபியே கணவாயின் உச்சிக்குச் சில கிலோமீட்டர் முன்பாக, முடிவுக்கோட்டுக்கு இன்னும் நாற்பது கிலோமீட்டருக்கு மேல் இருக்கையில், பந்தானி தனித்துப் பாய்ந்தார். உச்சியில் சற்று நின்று மழைச்சட்டை அணிந்துகொண்டு இறக்கத்தில் இறங்கினார். உல்ரிச் குளிரிலும் பசியிலும் சோர்ந்து, சக்கரமும் பழுதாகி, ஏறத்தாழ ஒன்பது நிமிடம் பின்தங்கி வந்து சேர்ந்தார். ஒரே பிற்பகலில் டூரின் முடிவு மாறிற்று.

பாரிசில் பந்தானி 3 நிமிடம் 21 நொடி வேறுபாட்டில் உல்ரிச்சை வென்றார். ஜிமோந்திக்குப் பின் 33 ஆண்டுகள் கழித்து டூரை வென்ற முதல் இத்தாலியர் இவரே. கோப்பி, அங்கெத்தில், மெர்க்ஸ், இனோல்ட், ரோச், இந்துராயின் ஆகியோருக்குப் பின்னர் ஒரே ஆண்டில் இவ்விரு பந்தயங்களையும் வென்ற ஏழாவது வீரரும் ஆனார். எட்டாவதாக சுலோவேனியாவின் தாதேய் பொகாச்சர் 2024இல் இச்சாதனையைச் செய்யும் வரை 26 ஆண்டுகள் வேறெவராலும் இது இயலவில்லை. ஊக்கமருந்தால் மானமிழந்த பந்தயத்தைக் காப்பாற்றியவர் என அன்று பத்திரிகைகள் பந்தானியைப் போற்றின. பின்னாளில் தெரியவந்தவற்றை வைத்துப் பார்க்கையில் அப்புகழ்ச்சி அவசரமானதே.

குருதிச் சோதனையின் பின்னணி

எரித்ரோபொயெட்டின் என்பது சிறுநீரகங்களில் இயற்கையாகச் சுரக்கும் இயக்குநீர். எலும்பு மச்சையில் சிவப்பணுக்கள் உருவாவதைத் தூண்டுவது இதன் பணி. சிறுநீரக நோயாளிகளின் குருதிச்சோகைக்காக 1980களின் இறுதியில் இது செயற்கையாகத் தயாரிக்கப்பட்டது. சிவப்பணுக்கள் மிகுந்தால் தசைகளுக்குச் செல்லும் உயிர்வளியும் மிகும். எனவே நீண்டதூர விளையாட்டு வீரர்களிடையே இம்மருந்து விரைவில் பரவியது. குருதி தடித்து இதயத்துக்கு ஊறு விளையும் ஆபத்தும் உண்டு.

இயற்கையாகச் சுரப்பதையும் ஊசி வழி ஏற்றியதையும் வேறுபடுத்தி அறியும் சோதனை 2000ஆம் ஆண்டு வரை நடைமுறைக்கு வரவில்லை. ஆகவே பன்னாட்டு மிதிவண்டி ஒன்றியம் 1997இல் மாற்று வழி ஒன்றைக் கையாண்டது. குருதியில் சிவப்பணுக்களின் விழுக்காடு ஆண்களுக்கு 50ஐத் தாண்டினால், அவ்வீரர் 15 நாட்கள் ஓய்வில் இருக்க வேண்டும். இது உடல்நலப் பாதுகாப்பு நடவடிக்கை என்றே பெயரிடப்பட்டது. அளவு மீறியவர் ஊக்கமருந்து உட்கொண்டார் என்று சட்டப்படி பொருளாகாது. ஆனால் மக்கள் அப்படியே பொருள் கொண்டனர். மறுபுறம் 49 விழுக்காடு வரை மருந்தை ஏற்றிக்கொள்ள இவ்விதி மறைமுகமாக இடமளித்தது என்ற குறையும் இருந்தது. குற்றத்தை நிறுவவும் இயலாத, குற்றமற்றவர் எனக் காட்டவும் இயலாத இவ்விதியே பந்தானியின் வாழ்வைத் திசைதிருப்பியது.

மதோன்னா டி கம்பீலியோ, 1999

1999 ஜிரோவில் பந்தானியின் ஆதிக்கம் முழுமையாக இருந்தது. ஒரோப்பா ஏற்றத்தின் அடியில் சங்கிலி கழன்று நின்றுவிட்ட அவர், அதைச் சரிசெய்துகொண்டு முன்சென்ற 49 பேரையும் ஒருவர்பின் ஒருவராகக் கடந்து அக்கட்டத்தை வென்றார். யூன் 4 அன்று மதோன்னா டி கம்பீலியோவில் தன் நான்காவது கட்ட வெற்றியைப் பெற்றபோது, இரண்டாம் இடத்திலிருந்த பாவோலோ சவோல்தெல்லியைவிட ஐந்தரை நிமிடத்துக்கு மேல் முன்னணியில் இருந்தார். எஞ்சியவை இரண்டு நாட்கள்.

யூன் 5 காலையில் விடுதியில் எடுக்கப்பட்ட குருதியில் அளவு 52 விழுக்காடாக இருந்தது. பந்தானி உடனடியாகப் பந்தயத்திலிருந்து விலக்கப்பட்டார். அவரது அணி முழுவதும் விலகியது. சவோல்தெல்லி அன்று இளஞ்சிவப்புச் சட்டையை அணிய மறுத்தார். இறுதியில் இவான் கோத்தி பட்டம் பெற்றார். அதே நாளில் வேறொரு மருத்துவமனையில் செய்த சோதனையில் அளவு 50க்குக் கீழே இருந்ததைப் பந்தானியின் தரப்பினர் சுட்டிக்காட்டினர். இடையில் சென்ற மணிநேரங்களையும், நீர் அருந்தினால் குருதி நீர்த்துவிடும் என்பதையும் கருதினால், அதை முடிவான சான்றாகக் கொள்ள இயலாது.

விதிப்படி இரு வாரங்களில் பந்தானி மீண்டும் ஓட்டியிருக்கலாம். ஆனால் அவ்வாண்டு டூரில் அவர் பங்கேற்கவில்லை. வீட்டுக்குள் ஒடுங்கினார். கோகெய்ன் பழக்கம் இக்காலத்திலேயே தொடங்கியதாக அவருக்கு நெருங்கியோர் பின்னர் தெரிவித்தனர்.

மீண்டும் களத்தில்

2000ஆம் ஆண்டு ஜிரோ தொடங்கச் சில நாட்களே இருந்தபோது பந்தானி தம் பங்கேற்பை உறுதி செய்தார். பொதுப் பட்டியலில் 28ஆம் இடமே கிடைத்தது. எனினும் கடைசி மலைக் கட்டங்களில் பழைய வேகம் தென்பட்டது. தன் அணியின் ஸ்தெபானோ கார்செல்லி வெற்றிபெற அவர் துணைநின்றார்.

அடுத்து வந்த டூரில் மோன் வாந்து மலையுச்சியில் அமெரிக்க வீரர் லான்ஸ் ஆம்ஸ்ட்ராங்குடன் இணைந்து வந்து முதலாவதாகக் கோட்டைக் கடந்தார். ஆம்ஸ்ட்ராங் விட்டுக்கொடுத்தார் என்ற பேச்சு எழுந்தது. அவரும் அதனை மறைக்கவில்லை. இது பந்தானியைப் புண்படுத்தியது. மூன்று நாட்கள் கழித்து, யூலை 16 அன்று, கூர்ஷெவெல் ஏற்றத்தில் யாருடைய தயவும் இன்றித் தனித்து வென்றார். அதுவே அவரது வாழ்வின் கடைசி வெற்றி. பின்னர் மோர்சின் கட்டத்தில் வெகுதொலைவிலிருந்தே தாக்குதல் தொடுத்து ஆம்ஸ்ட்ராங்கின் அணியை நாள் முழுதும் துரத்த வைத்தார். அன்று ஆம்ஸ்ட்ராங் கடைசி மலையில் திணறினார். பந்தானியும் களைத்துப் பின்தங்கினார். மறுநாள் வயிற்றுக் கோளாறால் விலகினார். ஆம்ஸ்ட்ராங்கின் ஏழு டூர் பட்டங்களும் ஊக்கமருந்துக் குற்றத்துக்காக 2012இல் பறிக்கப்பட்டது குறிப்பிடத்தக்கது.

இதன்பின் பந்தயங்களைவிட வழக்குகளே மிகுதி. 1995 விபத்தின் குருதிப் பதிவை வைத்து, விளையாட்டில் மோசடி செய்ததாக 2000 டிசம்பரில் நீதிமன்றம் இவருக்கு நிறுத்திவைக்கப்பட்ட மூன்று மாதச் சிறைத்தண்டனை விதித்தது. அச்செயல் நிகழ்ந்த காலத்துச் சட்டம் அதனைக் குற்றமாகக் கொள்ளவில்லை என்று மேல்முறையீட்டில் விடுவிக்கப்பட்டார். 2001 ஜிரோவின்போது விடுதிகளில் காவல்துறை நடத்திய சோதனையில் இன்சுலின் தடயமுள்ள ஊசி ஒன்று கிடைத்தது. அது தன்னுடையதன்று என அவர் மறுத்தார். ஆயினும் இதற்காகச் சில மாதங்கள் தடைசெய்யப்பட்டார்.

2003 ஜிரோவில் 14ஆம் இடம் பெற்றார். வெற்றி இல்லையெனினும் மலைகளில் அவர் முன்னேற முயன்ற ஒவ்வொரு முறையும் சாலையோரக் கூட்டம் ஆர்ப்பரித்தது. டூரில் பங்கேற்க அவரது அணிக்கு அழைப்பு வரவில்லை. யூன் மாதத்தில் மனச்சோர்வுக்கும் போதைப் பழக்கத்துக்கும் சிகிச்சை பெற மருத்துவமனையில் சேர்ந்தார்.

இறப்பும் பின்னர் தெரியவந்தவையும்

பெப்ரவரி 14, 2004 அன்று ரிமினி நகர விடுதி அறை ஒன்றில் பந்தானி இறந்து கிடந்தார். அப்போது அவருக்கு வயது 34. மிகையான கோகெய்னால் மூளையிலும் நுரையீரலிலும் நீர்கோத்து இதயம் நின்றதே காரணம் என மருத்துவ ஆய்வு தெரிவித்தது. செசெனாத்திக்கோவில் நடந்த இறுதிச் சடங்கில் பல்லாயிரம் பேர் கூடினர்.

இது கொலை என்று அவரது குடும்பத்தினர் தொடர்ந்து கூறிவந்தனர். 2014இல் ரிமினியில் விசாரணை மீண்டும் திறக்கப்பட்டு, கொலைக்குச் சான்றில்லை என 2016இல் மூடப்பட்டது. மதோன்னா டி கம்பீலியோ சோதனையில் சட்டவிரோதப் பந்தயச் சூதாட்டக் கும்பல் தலையிட்டதா என்பதும் தனியாக விசாரிக்கப்பட்டது. அதில் எவரும் தண்டிக்கப்படவில்லை.

பிரெஞ்சு செனட் குழு 2013 யூலையில் வெளியிட்ட அறிக்கை வேறொரு பக்கத்தைக் காட்டியது. 1998 டூரில் சேகரித்துப் பாதுகாக்கப்பட்ட சிறுநீர் மாதிரிகள் ஆய்வுநோக்கில் 2004இல் மீண்டும் சோதிக்கப்பட்டிருந்தன. பந்தானி, உல்ரிச் இருவரின் மாதிரிகளிலும் செயற்கை எரித்ரோபொயெட்டின் இருந்தது. அவை தண்டனைக்கான முறைப்படி செய்யப்பட்ட சோதனைகள் அல்ல என்பதால் பட்டம் பறிக்கப்படவில்லை. 1998 டூரின் வெற்றியாளராகப் பந்தானியின் பெயரே பதிவில் உள்ளது. அவர் உயிருடன் இருந்தவரை எந்த ஊக்கமருந்துச் சோதனையிலும் தோல்வியுற்றதில்லை என்பதும் உண்மை. கலிபியே மலையில் அவர் ஏறியபோது உடலில் மருந்து இருந்தது என்பதை ஐயுற இடமில்லை என்பதும் உண்மை. அன்று அவருக்குப் பின்னால் வந்தவர்களுள் பலரும் அதே நிலையில் இருந்தனர்.

நினைவுகள்

2004 முதல் ஒவ்வோர் ஆண்டும் ஜிரோவில் ஒரு மலை பந்தானி மலையாக அறிவிக்கப்படுகிறது. மொர்த்திரோலோ கணவாயில் அவருக்கு நினைவுச் சிற்பம் உள்ளது. செசெனாத்திக்கோவில் சிலையும், தொடர்வண்டி நிலையத்தை ஒட்டி அவரது மிதிவண்டிகளும் சட்டைகளும் வைக்கப்பட்டுள்ள காட்சியகமும் அமைந்துள்ளன.