வள்ளல் வல்வில் ஓரி

சூரமங்கலத்தில் ரயிலைவிட்டிறங்கிக் கொல்லிமலை செல்லும் அன்பர்கள் அறப்பளீசுவரரைத் தரிசித்து, ஆகாயகங்கையில் நீராடி, செம்மேட்டில் ஓரியின் சிலையையுங் கண்டு மீளுகின்றனர். ஆடி 18-ஆம் நாளையொட்டி ஆண்டுதோறும் அரசாங்கத்தார் அங்கே அவனுக்கு விழாவும் எடுக்கின்றனர். அவனுடைய சரிதத்தை நம் குடும்பத்துச் சிறுவர் சிறுமியரும் அறிந்துகொள்ளல் நலமெனக் கருதி, ஈண்டுச் சுருக்கமாய் எழுதப்புகுந்தோம்.

ஓரி என்பான் சங்ககாலத்தில் கொல்லிமலையை ஆண்ட தலைவன். ஆதன் ஓரி என்றும் வழங்கப்பெறுவான். கடையெழு வள்ளல்களுள் ஒருவனாகச் சிறுபாணாற்றுப்படை இவனைக் கூறும். வில்லாண்மையிற் சிறந்தமையால் வல்வில் ஓரியெனப் பெயர்பெற்றான். அவன் குதிரைக்கும் ஓரி என்பதே பெயர். ஆயினும், வன்பரணர் பாடிய புறநானூற்று 152-ஆம் பாட்டிற் குதிரையைப்பற்றிய பேச்சில்லை. அங்கே அவன் கானகத்து வேட்டுவனாகவே காணப்படுகின்றான். அவன் எய்த ஓரம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு என்னும் ஐந்தையும் வீழ்த்தியதென்று புலவர் வியக்கின்றார்.

இது கவியின் உயர்வு நவிற்சியென்று கொள்ளினும், வில்லால் மானை வீழ்த்துதல் எளிய செயலன்று. அம்பு செல்லுந் தொலைவு சிறிது. மானுக்கோ மூக்குங் காதும் மிகக் கூரியன. வேட்டுவன் காற்று எதிர்முகமாக வீசும்படி பார்த்து நடத்தல் வேண்டும். ஓரடி வைத்து, நின்று, செவிகொடுத்து, மீண்டும் ஓரடி வைத்தல் வேண்டும். மான் தலைதாழ்த்தி மேயும்போது நகர்ந்து, தலை நிமிர்த்தும்போது மரம்போல் நிற்றல் வேண்டும். சருகொன்று நொறுங்கினாலும், மரத்திலிருக்குங் குரங்கொன்று கண்டு குரலிட்டாலும் மந்தை கலைந்தோடிவிடும். சுருங்கச் சொல்லின், தான் அங்கிருப்பதையே மறைத்துக்கொள்வது இவ்வித்தையின் உயிராகும்.

ஓரியின் கொடையும் இத்தகையதே. காட்டுவழியே வந்த பாணர் கூட்டம் அவ்வேட்டுவனைக் கண்டது. கூலிக்குக் கொல்பவனாகத் தோன்றவில்லை, செல்வமுடையவனாகத் தோன்றினான். ஓரிதானோ, அல்லனோ என்று ஐயுற்றனர். தம் இசைக்கருவிகளோடு முறைப்படி பாடி, முடிவில் அரசனைக் குறிக்குஞ் சொல்லை எடுத்தனர். அது தன் பெயரேயாதலின் அவன் நாணினான். அவனை ஒத்த வேட்டுவர் எங்குமில்லையெனப் புகழ்ந்து, தாம் வேண்டியதைக் கூறத் தொடங்கினர். அதற்கும் அவன் இடங்கொடுத்திலன். தான் வேட்டையாடிய மானின் இறைச்சியையும் மதுவையும் கொடுத்து உண்பித்து, தன் மலையிற் பிறந்த பொன்னையும் மணிகளையும் அக்காட்டுவழியிலேயே அள்ளித் தந்தான். அவனிடம் பெற்றுண்ட கூத்தர் பசியென்பதையே அறியாராய், ஆடலையும் பாடலையும் மறந்திருந்தனரென்று மற்றொரு பாட்டிற் கேட்கின்றோம்.

இத்தகைய வள்ளலை முள்ளூர் மன்னனாகிய மலையமான் திருமுடிக்காரி போரிற் கொன்று, கொல்லியைச் சேரர்க்கு அளித்தான். வென்ற காரி ஓரியின் பெருந்தெருவிற் புகுந்தபோது ஊரார் எழுப்பிய ஆரவாரத்தை நற்றிணையிற் கபிலர் குறித்துள்ளார். மலை கைமாறியது, புகழ் கைமாறவில்லை. ஏட்டுச்சுவடியில் உறங்கிய புறநானூற்றை உ. வே. சாமிநாதையர் 1894-இல் அச்சிட்டபின் அது நாடெங்கும் பரவியது.

இக்காலத்தில் மானை வேட்டையாடுதல் குற்றம். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதனைத் தடுத்துள்ளது. ஆகவே ஓரியின் வில்லை நாம் எடுக்கவேண்டுவதில்லை. நாம் கைக்கொள்ளத் தக்கது அவனது நாணமேயாகும்.

ஓரி எங்கள் குலத்தவனென்று பல சமூகத்தாரும் உரிமை பாராட்டுகின்றனர்; நம்மவருள்ளும் அப்பேச்சுண்டு. அவனோ தன் முன்னின்று பாடியவர்க்கும் தன் பெயரைச் சொன்னானில்லை. பெற்றவரின் குலத்தை வினவியதாகவும் பாட்டிற் காணோம். ஓர் ஏழை மாணவனுக்குப் புத்தகம் வாங்கிக் கொடுத்துவிட்டு, அதனை ஊரறியச் சொல்லும் வழக்கம் நம்மிடையே பெருகிவருகின்றது. கேட்குமுன் கொடுத்து, கொடுத்ததைக் கூறாதொழிவாரே ஓரியின் வழியினர். அவர் எக்குலத்திற் பிறந்தவராயினும் ஆகுக.