நடுவர் கென் ஆஸ்டன்

கால்பந்துக் களத்தில் 22 பேர் பந்தின் பின் ஓடுகின்றனர். அவர்களுள் ஒவ்வொருவரும் தம் அணி வெல்ல வேண்டும் என்னும் வேட்கை உடையவர். அவர்களோடு உடன் ஓடியும் வெற்றியில் பங்கு கொள்ளாதவர் ஒருவர் உளர். பரிசுக் கோப்பை அவர் கைக்கு வருவதில்லை; பார்ப்போர் அவர் பெயரைச் சொல்லி ஆரவாரிப்பதும் இல்லை. ஆயினும் அவர் இல்லையேல் ஆட்டம் சிறிது நேரத்திலேயே பூசலாக முடியும். அவரே நடுவர். நடுவில் நிற்பவர், எப்பக்கமும் சாயாதவர் என்னும் இரு பொருளும் அச்சொல்லில் அடங்கியுள்ளன.

வென்றவர் நடுவரை மறந்துவிடுவர். தோற்றவரோ தம் தோல்விக்கு அவரே காரணம் எனத் தூற்றுவர். நன்றியை எதிர்பாராது செய்யவேண்டிய இத்தகைய பணியைத் தம் வாழ்நாட் பணியாக மேற்கொண்டவர் கென் ஆஸ்டன். இன்று உலகின் எம்மூலையில் கால்பந்து ஆடினாலும், நடுவர் தம் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் காட்டும் மஞ்சள் அட்டையும் சிவப்பு அட்டையும் அவர் கண்ட வழியே ஆகும்.

தொடக்கக் காலத்தில் கால்பந்து ஆட்டத்துக்கு நடுவர் என்று ஒருவர் இருந்ததில்லை. பூசல் எழுந்தால் இரு அணித் தலைவர்களும் கூடிப் பேசித் தீர்த்துக்கொள்வர். ஆட்டத்தில் போட்டி மிகுந்தபோது இவ்வழக்கம் பயன்படவில்லை. பின்னர், அணிக்கு ஒருவராக இரு கண்காணிப்பாளர் நின்றனர். அவர்களுக்குள் கருத்து வேறுபட்டால் தீர்ப்புச் சொல்வதற்கென ஒருவர் களத்துக்கு வெளியே காத்திருந்தார். 1891-ஆம் ஆண்டில்தான் அவர் களத்தின் உள்ளே அழைக்கப்பட்டு, முழு அதிகாரமும் பெற்றார். அதிகாரம் வந்தது, அதனோடு வசையும் வந்தது.

கென் ஆஸ்டன் 1915-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் இங்கிலாந்தில் உள்ள கோல்செஸ்டர் என்னும் ஊரில் பிறந்தார். எக்சிட்டர் நகரத்துத் தூய லூக்கா கல்லூரியில் பயின்று ஆசிரியரானார். 1936-ஆம் ஆண்டில் நடுவர்க்குரிய தகுதியையும் பெற்றார். சிறிய ஆட்டங்களில் தொடங்கி, அவர் படிப்படியாக உயர்ந்தார். வகுப்பறையில் மாணவரிடமும் களத்தில் ஆட்டக்காரரிடமும் ஒழுங்கை நிலைநாட்டுவதே அவருடைய அன்றாடக் கடமை ஆயிற்று.

இரண்டாம் உலகப் போர் மூண்டபோது ஆஸ்டன் விமானப் படையில் சேர விரும்பினார். கணுக்காலில் இருந்த ஊறு காரணமாக அவரை ஏற்கவில்லை. அவர் பீரங்கிப் படையிற் சேர்ந்தார்; பின்னர் இந்தியப் படைக்கு மாற்றப்பட்டு, லெப்டினன்ட் கர்னல் என்னும் நிலைக்கு உயர்ந்தார். சாங்கியில் போர்க் குற்றங்களை விசாரித்த மன்றத்திலும் அவர் பணி செய்தார். உயிர் போகும் வழக்குகளில் நீதி எத்தகையது என்பதை அறிந்த அவர், போருக்குப்பின் மீண்டும் ஊதலை எடுத்துக்கொண்டு பச்சைப் புல்வெளிக்குத் திரும்பினார். 1953-ஆம் ஆண்டில் இல்போர்டு நகரில் உள்ள நியூபரி பார்க் பள்ளியின் தலைமையாசிரியரானார்.

குறைகண்ட இடத்தில் அதற்கு வழிகாண்பது ஆஸ்டனின் இயல்பு. அந்நாளில் எல்லைக்கோட்டில் நிற்கும் துணை நடுவர்கள் ஏந்திய கொடிகள் ஆட்டத்தை நடத்தும் கழகத்தின் நிறத்தில் அமைந்திருந்தன. இங்கிலாந்தின் குளிர்காலத்து மூடுபனியில் அவை கண்ணுக்குத் தெரியமாட்டா. துணை நடுவர் கொடி அசைத்தும் நடுவர் காணாது போனால், களத்தில் குழப்பமே விளையும். ஆகவே ஒளிமிக்க நிறமுடைய கொடிகளை அவர் வழக்கத்திற்குக் கொணர்ந்தார். கண்ணுக்குத் தெரியாத தீர்ப்பு நம்பப்படுவதில்லை என்பதை அவர் அப்போதே உணர்ந்திருந்தார். ஆயின் அவ்வுண்மையின் முழு ஆழத்தையும் அவருக்குக் காட்டியது 1962-ஆம் ஆண்டு.

அவ்வாண்டு உலகக் கோப்பைப் போட்டி தென்னமெரிக்காவில் உள்ள சிலி நாட்டில் நடைபெற்றது. இரண்டாண்டுகளுக்கு முன்னர்ப் பெரும் நிலநடுக்கத்தால் சிதைந்த அந்நாடு, அரும்பாடுபட்டுப் போட்டிக்கு ஆயத்தம் செய்திருந்தது. இத்தாலியச் செய்தியாளர் சிலர் தலைநகராகிய சாந்தியாகோவை இழித்து எழுதினர். அதனைக் கேள்வியுற்ற சிலி மக்கள் சினம் மூண்டு நின்றனர். இந்நிலையில் ஜூன் 2-ஆம் நாள் சிலி அணியும் இத்தாலி அணியும் மோதின. 60,000-க்கு மேற்பட்டோர் திரண்ட அந்த ஆட்டத்திற்கு நடுவராக அமர்ந்தவர் ஆஸ்டன்.

ஆட்டம் தொடங்கிய சில நொடிகளிலேயே முறைகேடு தொடங்கிற்று. சிறிது நேரத்திற்குள் இத்தாலிய வீரர் பெரினியை ஆஸ்டன் வெளியேறுமாறு பணித்தார். அவரோ செல்ல மறுத்துக் களத்திலேயே நின்றார். முடிவில் காவலர் வந்து அவரை அழைத்துச் செல்ல நேர்ந்தது. பின்னர் டேவிட் என்னும் மற்றோர் இத்தாலியரும் வெளியேற்றப்பட்டார். சிலி வீரர் சாஞ்சஸ் குத்தியதில் இத்தாலியர் ஒருவரின் மூக்கெலும்பு முறிந்தது. குத்தியவரோ தண்டனையின்றித் தப்பினார். காவலர் ஒருமுறைக்கு மேல் களத்தில் இறங்கவேண்டியதாயிற்று. சிலி அணி இரண்டு கோல்களால் வென்றது. அந்த ஆட்டத்தைச் சாந்தியாகோப் போர் என்றே வரலாறு குறிக்கின்றது.

ஆட்டக்காரர் நடுவரைச் சூழ்ந்து கூச்சலிட்டனர். நடுவரின் கட்டளை காற்றில் கரைந்தது. இத்தாலியரோ தமக்கு அநீதி இழைக்கப்பட்டதெனக் குறைகூறினர். நடுவர் பேசியது ஆங்கிலம். ஓர் அணியினர் பேசியது ஸ்பானியம். மற்றோர் அணியினர் பேசியது இத்தாலியம். நடுவரின் அதிகாரம் எத்துணை நொய்ம்மையானது என்பதை உலகம் அன்று கண்டது. அவரிடம் படை இல்லை, சிறை இல்லை. கையில் ஓர் ஊதலும், ஆடுவோர் தம் சொல்லை ஏற்பர் என்னும் நம்பிக்கையுமே உள்ளன. அந்நம்பிக்கை பொய்த்தால் அவர் வெறுங்கையர்.

இத்தகைய அவமதிப்புக்கு ஆளான மற்றொருவர் ஊதலை எறிந்துவிட்டு வீடு திரும்பியிருக்கக்கூடும். ஆஸ்டன் அவ்வாறு செய்யவில்லை. மறு ஆண்டு, 1963-இல், இங்கிலாந்தின் புகழ்மிக்க எப்.ஏ. கோப்பை இறுதி ஆட்டத்திற்கு அவரே நடுவராயிருந்தார். அதன்பின் களத்தில் ஓடும் பணியை விடுத்து, பிற நடுவர்க்கு வழிகாட்டும் பணியை மேற்கொண்டார். உலகக் கால்பந்துச் சங்கத்தின் நடுவர் குழுவில் உறுப்பினராகவும், பின்னர்த் தலைவராகவும் தொண்டாற்றினார்.

1966-ஆம் ஆண்டு உலகக் கோப்பைப் போட்டி இங்கிலாந்தில் நடைபெற்றது. நடுவர்களை மேற்பார்க்கும் பொறுப்பு ஆஸ்டனிடம் இருந்தது. ஜூலை 23-ஆம் நாள் வெம்பிளி அரங்கில் இங்கிலாந்தும் அர்ஜென்டினாவும் ஆடின. மேற்கு ஜெர்மனியைச் சேர்ந்த கிரைட்லைன் என்பவர் நடுவர். அர்ஜென்டின அணித் தலைவர் ராட்டின் அவரோடு ஓயாது வாதிட்டார். நடுவர் அவரை வெளியேறப் பணித்தார். நடுவர்க்கு ஸ்பானியம் தெரியாது. ராட்டினுக்கு ஜெர்மன் தெரியாது. மொழிபெயர்ப்பவர் வேண்டும் என்று கூறி ராட்டின் களத்தைவிட்டு அகல மறுத்தார். ஆட்டம் பல நிமிடங்கள் தடைப்பட்டது. ஆஸ்டன் களத்துக்கு வந்து பேசி, நிலைமையைத் தணிக்க முயன்றார். நெடுநேரம் கழித்தே ராட்டின் வெளியேறினார். ஆட்டம் முடிந்தபின் கிரைட்லைனைக் காவலர் காத்து அழைத்துச் செல்ல வேண்டியிருந்தது.

அதே ஆட்டத்தில் இங்கிலாந்தின் சார்ல்டன் உடன்பிறந்தார் இருவரும் எச்சரிக்கப்பட்டனர் எனப் பின்னர்ச் செய்தித்தாள்கள் எழுதின. அது மெய்தானா என்பது அவர்தம் பயிற்சியாளர்க்கே விளங்கவில்லை. அவர் உலகச் சங்கத்தைக் கேட்டுத் தெளிவு பெறவேண்டியிருந்தது. தண்டிக்கப்பட்டவரும் பார்த்திருந்தவரும் அறிந்துகொள்ள முடியாத தண்டனையால் என்ன பயன்?

இவ்வெண்ணத்தோடு ஆஸ்டன் வெம்பிளியிலிருந்து தம் காரில் திரும்பிக்கொண்டிருந்தார். இலண்டன் மாநகரின் கென்சிங்டன் பெருந்தெருவில் சாலை விளக்கு மஞ்சளாகிப் பின் சிவப்பாயிற்று. ஊர்திகள் யாவும் நின்றன. எவரும் எவரோடும் வாதிடவில்லை. எம்மொழி பேசுவோரும் அந்நிறங்களின் பொருளை அறிவர். மஞ்சள், அமைதி கொள்க என்னும் எச்சரிக்கை. சிவப்பு, நிற்க என்னும் கட்டளை. சாலையில் பயன்படும் இம்மொழி களத்தில் ஏன் பயன்படாது என்று அவர் எண்ணினார். மஞ்சள் அட்டை எச்சரிப்பதற்கு, சிவப்பு அட்டை வெளியேற்றுவதற்கு என்னும் முறை அவர் உள்ளத்தில் உருவாயிற்று.

1970-ஆம் ஆண்டு மெக்சிகோவில் நடந்த உலகக் கோப்பைப் போட்டியில் இம்முறை நடைமுறைக்கு வந்தது. மே 31-ஆம் நாள், முதல் ஆட்டத்திலேயே, சோவியத் ஆட்டக்காரர் ஒருவருக்கு மஞ்சள் அட்டை காட்டப்பட்டது. அப்போட்டி முழுவதிலும் சிவப்பு அட்டைக்கு வேலையே இல்லாமற் போயிற்று. உலகக் கோப்பையில் முதற் சிவப்பு அட்டை 1974-ஆம் ஆண்டில், மேற்கு ஜெர்மனிக்கு எதிரான ஆட்டத்தில் காட்டப்பட்டது. அதனைப் பெற்றவர் சிலி நாட்டு வீரர் ஒருவர். எந்நாட்டு மண்ணில் ஆஸ்டனின் கட்டளை கேட்பாரற்றுப் போயிற்றோ, அந்நாட்டவரே அவர் வகுத்த அட்டையை முதலில் கண்டு களம் நீங்கினார்.

இம்முறை பெரிய அரங்குகளோடு நிற்கவில்லை. காலப்போக்கில் சிற்றூர்க் களங்களுக்கும் பள்ளி மைதானங்களுக்கும் பரவிற்று. அங்கே காவலர் இல்லை, படக்கருவிகள் இல்லை, பல இடங்களில் நடுவர்க்குத் துணையாக ஒருவரும் இல்லை. ஓய்வு நாளில் ஊதியம் கருதாது வந்து நிற்கும் தனி மனிதருக்கு அச்சிறு அட்டைகளே துணையாயின. ஆஸ்டனும் அத்தகையோரை மறந்தாரில்லை. அமெரிக்க இளைஞர் கால்பந்து அமைப்பின் வாயிலாக, சிறுவர் ஆட்டங்களை நடத்தும் நடுவர்க்குப் பல்லாண்டுகள் பயிற்சி அளித்தார். உலகக் கோப்பையைக் கண்ட அப்பெரியார், அண்டை வீட்டுச் சிறுவரின் ஆட்டத்திற்கு ஊதல் ஊத முன்வந்த எளியோர்க்கு ஆசிரியராய் இருப்பதில் மகிழ்ந்தார். 1997-ஆம் ஆண்டு பிரித்தானிய அரசு அவர்க்கு எம்.பி.இ. என்னும் விருதை வழங்கிச் சிறப்பித்தது. 2001-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில், தம் 86-ஆம் வயதில், அவர் இயற்கை எய்தினார்.

ஆஸ்டன் மறைந்தபின்னும் நடுவர்க்கு நேரும் இன்னல் தீர்ந்தபாடில்லை. 2012-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் நெதர்லாந்து நாட்டின் ஆல்மேர் நகரில் சிறுவர் ஆட்டம் ஒன்று நடைபெற்றது. தம் மகன் ஆடிய அவ்வாட்டத்திற்கு ஒரு தந்தை தாமே முன்வந்து எல்லைக்கோட்டில் கொடி பிடித்தார். ஆட்டம் முடிந்ததும் எதிரணிச் சிறுவர் சிலர் அவரைத் தாக்கினர். மறுநாள் அவர் உயிர் நீத்தார். அவ்வாரத்து இறுதியில் அந்நாடெங்கும் தொழில்முறையல்லாத ஆட்டங்கள் யாவும் நிறுத்தப்பட்டன. மறு ஆண்டில், தாக்கிய சிறுவரும் அவர்களுள் ஒருவனின் தந்தையும் நீதிமன்றத்தில் தண்டனை பெற்றனர். கோலா, கோல் இல்லையா என்னும் வாதம் ஒரு குடும்பத்தின் விளக்கை அணைத்துவிடக்கூடும் என்பதை அந்நிகழ்ச்சி உலகுக்கு உணர்த்திற்று.

இத்தீமையைத் தடுக்கப் பல முயற்சிகள் நடைபெறுகின்றன. இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் 2008-ஆம் ஆண்டில் நடுவரை மதிக்கும் இயக்கம் ஒன்றைத் தொடங்கிற்று. நடுவரோடு வாதிடுவோரை 10 நிமிடம் களத்திற்கு வெளியே நிறுத்தும் முறை 2019-ஆம் ஆண்டில் அந்நாட்டின் சிற்றூர் ஆட்டங்களில் பரவலாக்கப்பட்டது. 2023-ஆம் ஆண்டில் நடுவர் சிலர் தம் மார்பில் படக்கருவி அணிந்து களம் இறங்கினர். இவை யாவும் நல்லனவே. ஆயினும் அட்டை தண்டனையை அறிவிக்கும். படக்கருவி குற்றத்தைப் பதிவு செய்யும். மதிப்பை அவை உண்டாக்கமாட்டா. அஃது ஆடுவோர் உள்ளத்திலிருந்து வரவேண்டும்.

நடுவரும் மனிதரே. ஓடும் கால்களுக்கு இடையே, ஒரே நொடியில், ஒரு முறை மட்டுமே கண்டு அவர் முடிவு சொல்கிறார். அம்முடிவு சிற்சில வேளை பிழைபடலாம். பந்தைத் தவறவிட்ட தோழனை நாம் பொறுத்துக்கொள்கிறோம். வாயிலின் முன் நின்று உதைத்தும் கோல் போடாதவனைத் தேற்றுகிறோம். அந்தப் பொறுமையில் ஒரு பங்கேனும் நடுவர்க்கு உரியதன்றோ? அணித் தலைவன் பணிவோடு ஐயம் கேட்பது முறை. அணி முழுதும் சூழ்ந்து நின்று கூச்சலிடுவது முறையன்று.

மாணவர்களே! உங்கள் பள்ளி மைதானத்திலும் மாலை வேளையில் ஊதல் ஒலி கேட்கும். அதனை ஊதுபவர் உங்கள் ஆசிரியராயிருக்கலாம், மூத்த மாணவராயிருக்கலாம். அவ்வொலி உங்களுக்கு எதிராக எழும்போதும் பந்தைக் கீழே வைத்துவிட்டு, உரிய இடத்திற்குத் திரும்பி நில்லுங்கள். ஆட்டம் முடிந்தபின் எதிரணியினரோடு கைகுலுக்குவது போலவே நடுவரோடும் கைகுலுக்குங்கள். அவர் நாளையும் ஊதலோடு வந்தால்தான் உங்களுக்கு நாளையும் ஆட்டம் உண்டு.