ஏட்டுச் சட்டமும் என்.ஜி. ராமசாமியும்

கோவை வட்டாரத்து ஆலைத் தொழிலாளரிடம் தியாகி என்.ஜி. ராமசாமி யார் என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய அவசியம் நமக்கில்லை. அவர் பெயரில் பள்ளிக்கூடம் நிற்கிறது. பழந்தொழிலாளர் குடும்பங்களில் நினைவு நிற்கிறது. 1912இல் பிறந்து 1943இல் மறைந்தவர். அந்தக் குறுகிய வாழ்வு முதலாளிமாருக்கு இன்றும் ஒரு பாடம் என்பதே நமது கருத்து.

1932இல் பைகாரா மின்சாரம் பிறந்தது. கொங்கு நாட்டில் பஞ்சாலைகள் பெருகின. ஏர் பிடித்த கை நூல் பிடித்தது. சேவல் கூவி எழுந்தவன் ஆலைச் சங்கு ஊதி எழுந்தான். சட்டம் இல்லாமலா போயிற்று? விபத்து நஷ்டஈட்டுக்கு 1923ஆம் ஆண்டுச் சட்டம், சங்கம் அமைக்க 1926ஆம் ஆண்டுச் சட்டம், நாளுக்குப் பத்து மணி, வாரத்துக்கு 54 மணி என்று வரம்பிட்ட 1934ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், எல்லாம் இருந்தன. ஏட்டில் இருந்தன! அவற்றை ஆலை வாசலுக்கு இழுத்துவரச் சங்கம் வேண்டியிருந்தது. அந்தச் சங்கத்தைக் கட்டும் பணியில் இறங்கினார் ராமசாமி.

1937இல் தொழிலாளர் தொகுதியிலிருந்து சென்னைச் சட்டசபைக்குச் சென்றபோது அவருக்கு வயது இருபத்தைந்து. வி.வி. கிரி தொழில் மந்திரி. கோவை ஆலைகளில் வேலைநிறுத்தங்கள் மூண்டன; 1929ஆம் ஆண்டுத் தொழில் தகராறுச் சட்டப்படி சர்க்கார் விசாரணை மன்றம் அமைத்தது. பின்னர் விடுதலைப் போரில் சிறை ஏகினார். சுதந்திரத்தைக் காணாமலே கண்மூடினார்.

அவர் காலத்தில் நடைமுறைக்கு வந்த 1936ஆம் ஆண்டுச் சம்பளப் பட்டுவாடாச் சட்டம் என்ன விதித்தது? சம்பளக் காலம் ஒரு மாதத்தைத் தாண்டக் கூடாது. ஆயிரம் பேருக்குக் குறைந்த ஆலையில் ஏழாம் நாளுக்குள் கூலி. வேலையைவிட்டு நீக்கினால் இரண்டாவது வேலைநாளுக்குள் பாக்கி. அபராதம் ரூபாய்க்கு அரையணாவைத் தாண்டக் கூடாது. விளக்கம் கேட்காமல் விதிக்கக் கூடாது. அந்தப் பணம் தொழிலாளர் நலனுக்கே.

இவ்வளவு தெளிவான சட்டம் இருந்தும், நமது காலத்தில் கொங்கு நூற்பாலைகளில் சுமங்கலித் திட்டம் எப்படி முளைத்தது? பயிற்சியாளர் என்று பெயரிட்டு, இளம்பெண்களின் உழைப்பில் ஒரு பங்கை மூன்றாண்டு பிடித்துவைத்து, திருமணப் பணம் என்று மொத்தமாகக் கொடுப்பதாகச் சொன்னார்கள். பெயரை மாற்றினால் கூலி கூலியல்லாமல் போகுமா? முதலாளிமார் வழுக்கி விழும் இடம் இதுதான். மேஸ்திரியின் வாய்ச்சொல்லைச் சட்டமாகக் கொள்வது, விசாரணையின்றி நீக்குவது, சங்கத்தில் சேர்ந்தவனைப் பகைவனாகப் பார்ப்பது ஆகியவை மற்றப் பள்ளங்கள்.

2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் தொகுப்புச் சட்டங்கள் அமலில் உள்ளன. நியமனக் கடிதம் கட்டாயம். மாதக் கூலி அடுத்த மாதம் ஏழாம் நாளுக்குள். நீக்கினால் இரண்டு வேலைநாளில் கணக்குத் தீர்க்க வேண்டும். அபராதம் நூற்றுக்கு மூன்றுக்கு மேல் கூடாது. புதுச் சட்டத்திலும் பழைய நியாயமே பேசுகிறது.

ஆலை அதிபர்களே, ராமசாமிக்கு மாலை சூட்டுவது நல்லது. கூலிப் பதிவேட்டை ஒழுங்காக வைப்பது அதைவிட நல்லது என்போம்.