மணலில் எழுதிய மாணவர்

நுழையும்முன்

பிற நாட்டிற்குத் தொண்டாற்றச் செல்வோர் தம் மொழியையும் பண்பாட்டையும் உடன்கொண்டு செல்வது இயல்பு. சென்ற இடத்தின் மொழியைக் கற்க முன்வருவோரே அங்கு வாழும் மக்களை உள்ளவாறு அறிகின்றனர். காவிரிப் படுகையின் கடலோரத்திற்குக் கற்பிக்க வந்து, கற்பவராக மாறிய சீகன்பால்குவின் வாழ்க்கை இதற்குச் சான்று.

கடல் கடந்த பயணம்

பர்த்தலோமேயு சீகன்பால்கு, ஜெர்மனியின் சாக்சனிப் பகுதியிலுள்ள புல்ஸ்னிட்சு என்னும் ஊரில் 1682ஆம் ஆண்டு ஜூலை 10ஆம் நாள் பிறந்தார். இளமையிலேயே பெற்றோரை இழந்த அவர், ஹாலே நகரில் சமயக்கல்வி பயின்றார். டென்மார்க் மன்னர் நான்காம் பிரெடெரிக்கின் ஆதரவில் சமயப்பணி ஆற்ற இசைந்து, நண்பர் புளூட்சோவுடன் 1705 நவம்பரில் கோபன்ஹேகனிலிருந்து கப்பலேறினார். ஏழு மாதங்களுக்கு மேல் நீடித்த அப்பயணம், 1706 ஜூலை 9ஆம் நாள் தரங்கம்பாடியில் முடிந்தது.

தஞ்சை நாயக்க மன்னர் இரகுநாதருடன் 1620இல் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி, டேனியர் அங்குக் கோட்டை கட்டி வணிகம் செய்துவந்தனர். துறைமுகத்தில் போர்த்துகீசிய மொழி வழங்கியது. ஆனால், சுற்றிலும் விரிந்த நெல்வயல்களில் உழைத்த மக்களின் மொழி தமிழே. போர்த்துகீசியத்தில் பணியாற்றும் பொறுப்பைப் புளூட்சோ ஏற்றார். தமிழைச் சீகன்பால்கு தேர்ந்தெடுத்தார்.

சிறுவர்களோடு ஒருவராக

தமிழ் கற்பதற்கு ஏற்ற இலக்கண நூலோ அகராதியோ அவரிடம் இல்லை. எனவே, முதிய தமிழாசிரியர் ஒருவரை வேண்டி, அவர் நடத்திய பள்ளியைத் தம் இல்லத்திற்கே வரச்செய்தார். இருபத்து நான்கு வயது இளைஞர் சிறுவர்களோடு தரையில் அமர்ந்து, மணலில் விரலால் எழுத்துகளை எழுதிப் பழகினார். ஆசிரியருக்கு ஐரோப்பிய மொழி எதுவும் தெரியாது. எழுத்தும் ஒலியும் வசப்பட்டன, பொருள் விளங்கவில்லை. ஐரோப்பிய மொழிகள் சிலவற்றை அறிந்திருந்த அழகப்பன் என்பவரின் துணையால் அத்தடை நீங்கியது.

கற்றலுக்கென நாள்தோறும் அவர் வகுத்துக்கொண்ட ஒழுங்கு வியப்பளிப்பது. காலை ஏழு மணிமுதல் எட்டு மணிவரை, முன்பு கற்ற சொற்களையும் தொடர்களையும் மீண்டும் பயில்வார். பின்னர் நண்பகல்வரை தமிழ் நூல்களைப் படித்து, அரிய சொற்களைக் குறித்துவைப்பார். பிற்பகலிலும் படிப்புத் தொடரும். இரவில் கண்களுக்கு ஓய்வு தரும்பொருட்டு, பிறரைப் படிக்கச்செய்து கேட்பார்.

ஏடுகள் தந்த தெளிவு

தமிழர் கல்வியும் ஒழுக்கநெறியும் அறியாதவர் என்ற எண்ணம் அக்கால ஐரோப்பாவில் பரவியிருந்தது. ஏடுகளைப் பயிலப் பயில, அவ்வெண்ணம் பிழையெனச் சீகன்பால்கு உணர்ந்தார். ஊர்தோறும் ஆளனுப்பிச் சுவடிகளைத் திரட்டினார். திருக்குறள் உள்ளிட்ட நூற்றுக்கு மேற்பட்ட தமிழ் நூல்களின் விளக்கப் பட்டியலை 1708இல் உருவாக்கினார். அதே ஆண்டில் நீதிவெண்பா, கொன்றைவேந்தன், உலகநீதி ஆகியவற்றை ஜெர்மன் மொழியில் பெயர்த்தார்.

அவரது பணிக்கு எதிர்ப்பு அயலாரிடமிருந்து மட்டும் வரவில்லை. டேனிய ஆளுநருடன் ஏற்பட்ட முரண்பாட்டால், 1708ஆம் ஆண்டின் இறுதியில் கோட்டையில் அடைக்கப்பட்டு, ஏறத்தாழ நான்கு மாதங்கள் சிறையிருந்தார்.

அச்சுப்பணி

1708 அக்டோபரில் தொடங்கிய புதிய ஏற்பாட்டின் தமிழாக்கத்தை 1711 மார்ச்சில் அவர் நிறைவுசெய்தார். இலண்டனிலிருந்து அச்சுப்பொறியும் ஹாலேயிலிருந்து தமிழ் எழுத்துருக்களும் வந்துசேர்ந்தன. வந்த எழுத்துகள் அளவில் பெரியவை. அவற்றால் தாள் மிகுதியாகச் செலவாயிற்று. எனவே, தரங்கம்பாடியிலேயே சிறிய எழுத்துகள் வார்க்கப்பட்டன. 1715இல் நூல் முழுமையாக அச்சேறியது. இந்திய மொழி ஒன்றில் அச்சான முதல் புதிய ஏற்பாடு அதுவே.

1714இல் ஐரோப்பா சென்றபோது மலையப்பன் என்னும் தமிழ் இளைஞரை உடன் அழைத்துச் சென்றார். இலத்தீன் மொழியில் அவர் எழுதிய தமிழ் இலக்கணம் 1716இல் ஹாலேயில் வெளிவந்தது.

அச்சேறாத நூல்

தமிழ்மக்களின் தெய்வங்களையும் வழிபாட்டு முறைகளையும் அவர்களிடமே கேட்டும் அவர்தம் ஏடுகளைப் பயின்றும், 1713இல் சீகன்பால்கு ஒரு விரிவான நூல் எழுதினார். அதனை அச்சிட ஹாலேயிலிருந்த பிராங்கே மறுத்தார். பிற சமயத்தை அகற்ற அனுப்பப்பட்டவர், அச்சமயச் செய்திகளை ஐரோப்பாவில் பரப்புவது முறையன்று என்பது அவர் கருத்து. சீகன்பால்குவும் சமயம் பரப்ப வந்தவரே. தம் சமயக் கொள்கையிலிருந்து அவர் விலகவில்லை. எனினும், மக்களை அறியாமல் அவர்களைப் பற்றிப் பேசுவது தகாது என்பதில் உறுதியாக இருந்தார். அந்நூல் 1867இல்தான் சென்னையில் அச்சு வடிவம் பெற்றது.

அதனைக் காண அவர் இல்லை. 1719 பிப்ரவரி 23ஆம் நாள், தம் முப்பத்தாறாம் வயதில் தரங்கம்பாடியில் மறைந்தார். அதற்கு முந்தைய ஆண்டில் அங்குக் கட்டி முடிக்கப்பட்ட புதிய எருசலேம் ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார். தமிழகத்தில் அவர் வாழ்ந்த காலம் பதின்மூன்று ஆண்டுகளுக்கும் குறைவே. தரங்கம்பாடியிலிருந்து சென்ற தமிழ் ஓலைச்சுவடிகள் ஹாலே நகரில் இன்றும் பாதுகாக்கப்படுகின்றன.