அப்பாவின் டார்ச்சும் அழகப்பரின் கொடையும்



ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை கொடு என்று நம் சங்கச் செயலாளர் கேட்டபோது, ரீசார்ஜபிள் பேட்டரி பற்றி எழுதித் தருகிறேன் என்றேன். அதை ரெக்கார்டு நோட்டிலேயே எழுதியாச்சே, மலருக்கு ஒரு பெரிய மனிதரின் வாழ்க்கையை எழுது என்றார் அவர். யோசித்துப் பார்த்தேன். பேட்டரியும் வரணும், பெரிய மனிதரும் வரணும். அப்படி ஒருவர் இருக்கிறார். ஆனால் அவரிடம் போக, முதலில் எங்க அப்பாவின் டார்ச்சிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

எங்க அப்பா செம்பாக்கத்தில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் இரவுக் காவலர். ராத்திரி ஒன்பது மணிக்குப் போனால் காலை ஆறு மணிக்குத்தான் வீடு. கையில் ஒரு கம்பு, கழுத்தில் விசில், சட்டைப் பையில் உள்ளங்கை அளவு எல்.இ.டி. டார்ச். ஏரி பக்கத்திலேயே இருப்பதால் மழைக்காலத்தில் பாம்பு வரும். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போது கரண்ட் இல்லாத இரவுகளில் அந்தச் சின்ன வெளிச்சத்தை நம்பித்தான் அவர் சுற்றி வந்தார். அந்த டார்ச்சுக்கு இரண்டு பென்சில் பேட்டரி வேண்டும். ஆறு நாள் வரும். மாதம் ஐந்து ஜோடி, 150 ரூபாய். எங்க வீட்டில் அது சின்னத் தொகை கிடையாது. எனக்கு ஒரு புத்தகம்.

முதலாண்டு முடிந்த விடுமுறையில், படிக்கிற பிள்ளை என்ற தைரியத்தில் நான் ஒரு காரியம் செய்தேன். டியூஷன் எடுத்துச் சேர்த்த காசில், அதே நீளம் அதே தடிமனில் இருந்த இரண்டு லித்தியம் ரீசார்ஜபிள் செல் வாங்கினேன். முழுசா சார்ஜ் ஏற்றி அப்பாவின் டார்ச்சில் போட்டு சுவிட்சை அழுத்தினேன். ஒரே ஒரு பளிச்! அவ்வளவுதான். எல்.இ.டி. செத்துப் போச்சு. அப்பா ஒரு வார்த்தை திட்டவில்லை. செல்போன் வெளிச்சத்தை வைத்துக்கொண்டு வேலைக்குப் போனார். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது எனக்கு.

கல்லூரி திறந்ததும் எங்கள் துறை ஆசிரியரிடம் போய் நின்றேன். சாதாரண பென்சில் பேட்டரி ஒன்று 1.5 வோல்ட், இரண்டு சேர்ந்தால் 3 வோல்ட். நான் போட்ட லித்தியம் செல் ஒன்றே 3.7 வோல்ட்; சார்ஜ் முழுசா ஏறியிருந்தால் 4.2 வோல்ட். இரண்டும் தொடர் இணைப்பில் 8.4 வோல்ட்! அளவு ஒன்றாக இருந்தால் வோல்ட்டேஜும் ஒன்றாக இருக்கும் என்று நினைத்ததுதான் என் தப்பு. பிறகு அவர் சொன்ன இன்னொரு விஷயம்தான் இந்தக் கட்டுரைக்கு விதை. பேட்டரியையும் மின்வேதியியலையும் ஆராய்வதற்கென்றே ஒரு தேசிய ஆய்வு நிலையம் நம் தமிழ்நாட்டில், காரைக்குடியில் இருக்கிறது. அது அங்கே வந்ததற்குக் காரணம் ஒரு தனி மனிதரின் கொடை என்றார்.

அந்த மனிதர்தான் வள்ளல் அழகப்பச் செட்டியார்.

கோட்டையூரிலிருந்து லண்டன் வரை

அழகப்பர் 1909-ஆம் ஆண்டு ஏப்ரல் 6-ஆம் நாள் காரைக்குடிக்குப் பக்கத்திலுள்ள கோட்டையூரில் பிறந்தார். தந்தை ராமநாதன் செட்டியார், தாய் உமையாள் ஆச்சி. நகரத்தார் குடும்பங்களில் அந்நாளில் பிள்ளைகள் கொஞ்சம் எழுத்தும் நிறையக் கணக்கும் கற்றதும் பர்மாவுக்கோ மலேயாவுக்கோ கப்பல் ஏறி, கடையில் பெட்டியடிப் பையனாகத் தொழில் பழகுவதுதான் வழக்கம். கல்லூரிக்குப் போவது அபூர்வம். அழகப்பர் அந்த அபூர்வமான வழியில் போனார். காரைக்குடியில் பள்ளிப் படிப்பு, சென்னை மாநிலக் கல்லூரியில் ஆங்கில எம்.ஏ., பிறகு லண்டன். அங்கே சட்டம் படித்து பாரிஸ்டர் ஆனார்; வங்கியில் பயிற்சி பெற்றார்; விமானம் ஓட்டக் கற்றுச் சான்றிதழும் வாங்கினார். காரைக்குடிச் சீமையிலிருந்து போன ஒரு இளைஞர், 1930-களில் வானத்தில் பறந்திருக்கிறார் என்றால் சும்மாவா!

ஊர் திரும்பியவர் வக்கீல் கோட்டு போடவில்லை. வியாபாரத்தில் இறங்கினார். மலேயாவில் ரப்பர், பர்மாவில் ஈயச் சுரங்கம், கேரளத்தில் திருச்சூருக்கு அருகே நூற்பாலை என்று தொட்ட இடமெல்லாம் வளர்ந்தது. அந்த ஆலை இருந்த ஊர் இன்றும் அழகப்ப நகர் என்றே வழங்குகிறது. ஜூபிடர் ஏர்வேஸ் என்ற பெயரில் விமானக் கம்பெனியும் நடத்தினார். ஆங்கில அரசு அவருக்கு சர் பட்டம் கொடுத்தது. நாடு விடுதலை அடைந்த பின் அந்தப் பட்டத்தை அவர் துறந்துவிட்டார்.

நண்பர்களே, இதுவரை சொன்னது ஒரு பணக்காரரின் கதை. இந்த மாதிரிக் கதைகள் நாட்டில் நிறைய உண்டு. இனிமேல்தான் விஷயம்.

முப்பத்தொன்பது நாளில் ஒரு கல்லூரி

நாம் தாம்பரத்தில் ரயில் ஏறினால் கிண்டியில் இறங்கி அண்ணா பல்கலைக்கழகம் போகலாம். அந்த வளாகத்தில் ஏ.சி. டெக் என்று எல்லோரும் சொல்கிற கல்லூரி இருக்கிறது. நான் ரொம்ப நாள் அது ஏர் கண்டிஷன் சம்பந்தப்பட்ட காலேஜ் என்றுதான் நினைத்திருந்தேன். சிரிக்காதீர்கள்! ஏ.சி. என்பது அழகப்பச் செட்டியார். அவருடைய நன்கொடையால் 1944-இல் உருவான தொழில்நுட்பக் கல்லூரி அது.

அடுத்தது 1947 ஜூலை 3. சென்னையில் அன்னி பெசன்ட் அம்மையாரின் நூற்றாண்டு விழா. பல்கலைக்கழகத் துணைவேந்தர் டாக்டர் ஏ. லட்சுமணசாமி முதலியார் பேசினார். விடுதலை பெறப் போகும் நாட்டுக்குக் கல்லூரிகள் வேண்டும், வசதி படைத்தவர்கள் முன்வர வேண்டும் என்பது அவர் வேண்டுகோள். கூட்டத்தில் இருந்த அழகப்பர் அங்கேயே எழுந்து, காரைக்குடியில் தான் ஒரு கல்லூரி தொடங்குவதாக அறிவித்தார். மேடையில் சொல்வது எளிது, செய்வது? ஆகஸ்ட் 11-ஆம் தேதி, அதாவது முப்பத்தொன்பதே நாளில், காரைக்குடி காந்தி மாளிகையில் கல்லூரி தொடங்கிவிட்டது. சொந்தக் கட்டடம் வரட்டும் என்று காத்திருக்கவில்லை. நாடு விடுதலை பெற அப்போது இன்னும் நான்கு நாள் பாக்கி!

பின்னாளில் கலைக் கல்லூரியோடு பொறியியல் கல்லூரி, ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி, பெண்கள் கல்லூரி, நம்மைப் போன்றவர்களுக்கு ஒரு பாலிடெக்னிக் என்று அந்த வறண்ட செம்மண் பூமியில் வரிசையாக எழுந்தன. பெண்கள் கல்லூரிக்கு இடம் வேண்டும் என்று வந்தபோது தாம் வாழ்ந்த வீட்டையே கொடுத்தார். பணம் கொடுப்பவர்கள் உண்டு. குடியிருக்கும் வீட்டைக் கொடுப்பவர்கள் எத்தனை பேர்?

முந்நூறு ஏக்கரும் பதினைந்து லட்சமும்

விடுதலை பெற்ற நாட்டுக்கு அறிவியல் ஆய்வுக்கூடங்கள் தேவை என்று பிரதமர் நேருவும் விஞ்ஞானி சாந்தி ஸ்வரூப் பட்நாகரும் திட்டமிட்ட காலம் அது. அதில் மின்வேதியியலுக்கு ஒரு நிலையமும் அடக்கம். மின்சாரமும் ரசாயனமும் சந்திக்கிற இடம்தான் மின்வேதியியல். பேட்டரி, முலாம் பூசுதல், இரும்பு துருப்பிடிப்பதைத் தடுத்தல், அலுமினியம் பிரித்தெடுத்தல் எல்லாம் அதற்குள் வரும். இந்த மாதிரி நிலையம் பெரிய நகரத்துக்குத்தான் போகும் என்று யாரும் நினைப்பார்கள். அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் தருவதாக முன்வந்தார். நிலையம் காரைக்குடிக்கு வந்தது. 1948 ஜூலை 25 அன்று நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14, பொங்கல் சமயத்தில், அப்போதைய குடியரசுத் துணைத்தலைவர் டாக்டர் ராதாகிருஷ்ணன் திறந்து வைத்தார். அதுவே மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்.

1948-இல் 15 லட்சம் என்றால் எவ்வளவு பெரிய தொகை! அந்தப் பணத்தை அவர் தொழிலிலேயே போட்டிருக்கலாம். நிலையத்தால் அவருக்கு ஒரு பைசா லாபம் இல்லை. அவர் ஆங்கில இலக்கியம் படித்தவர், விஞ்ஞானி இல்லை. ஆனாலும் ஒரு ஊருக்கு ஆய்வுக்கூடம் வந்தால் அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு என்ன ஆகும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது.

1956-இல் அவருக்குப் பத்ம பூஷண் விருது கிடைத்தது. அதற்குள் நோய் அவர் உடலை வாட்டிவிட்டது. 1957 ஏப்ரல் 5 அன்று மறைந்தார். மறுநாள் அவருக்கு நாற்பத்தெட்டாவது பிறந்தநாள். கல்லூரிகள் தொடங்கி அதுவரை பத்து ஆண்டுகூட முழுசா ஆகவில்லை. அவர் விதைத்தது 1985-இல் அழகப்பா பல்கலைக்கழகமாகவே வளர்ந்து நின்றது. அதைப் பார்க்க அவர் இல்லை.

திரும்பவும் டார்ச்சுக்கு வருவோம்

ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். மறுபடி சார்ஜ் ஏற்றும் பேட்டரியைக் கண்டுபிடித்தது காரைக்குடி இல்லை. 1859-இல் பிரான்சில் பிளாண்டே ஈய அமில பேட்டரியைச் செய்தார். 1899-இல் ஸ்வீடனின் யுங்னர் நிக்கல் காட்மியம் செல்லைச் செய்தார். ஆனால் வெளிநாட்டில் கண்டுபிடித்ததை நம் நாட்டில் நாமே செய்யத் தெரிய வேண்டாமா? காரைக்குடி விஞ்ஞானிகள் அந்த வேலையைச் செய்கிறார்கள். மற்ற ஆய்வு நிலையங்களோடு சேர்ந்து லித்தியம் அயான் செல்லுக்கு உள்நாட்டுத் தொழில்நுட்பம் உருவாக்கி, அதை 2018-இல் ஒரு நிறுவனத்துக்குக் கொடுக்க ஒப்பந்தம் செய்தார்கள். மாதிரி செல்கள் செய்து காட்டும் கூடத்தையும் நம்ம சென்னையிலேயே அமைத்தார்கள்.

என் இரண்டாவது முயற்சியையும் சொல்லிவிடுகிறேன். உங்களில் பலருக்குப் பயன்படும். ஆசிரியரிடம் கேட்டுக்கொண்டு, இந்த முறை நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல் வாங்கினேன். இது ஒன்று 1.2 வோல்ட். இரண்டு சேர்ந்தால் 2.4 வோல்ட்தான். வெள்ளை எல்.இ.டி.க்கு ஏறக்குறைய 3 வோல்ட் வேண்டும். அதனால் உள்ளே வோல்ட்டேஜை உயர்த்தித் தரும் சின்ன சர்க்யூட் உள்ள டார்ச்சாகப் பார்த்து வாங்கினேன். 2000 மில்லி ஆம்பியர் மணி செல்லை 200 மில்லி ஆம்பியரில் சார்ஜ் ஏற்ற 14 முதல் 16 மணி நேரம் பிடிக்கும். ஆகவே இரண்டு ஜோடி. ஒன்று டார்ச்சில், ஒன்று சார்ஜரில்.

முதல் வாரமே அப்பா ஒரு குறை சொன்னார். பழைய பேட்டரி மங்கி மங்கித்தான் தீரும், முன்கூட்டியே தெரிந்துவிடும். இது கடைசி வரை நல்லா எரிந்துவிட்டு திடீர்னு அணைந்து போகுது, நடுவழியில் இருட்டில் நிற்க வேண்டியிருக்கு என்றார். சரிதான். இந்த செல்லின் வோல்ட்டேஜ் பெரும்பாலான நேரம் இறங்காமல் நின்று, முடிவில் சட்டென்று விழும். புத்தகத்தில் அந்த வளைகோட்டை நான் வரைந்து மார்க்கும் வாங்கியிருக்கிறேன். அது ஒரு மனிதரை இருட்டில் நிறுத்தும் என்று அப்பா சொல்லித்தான் தெரிந்தது! இப்போது நான்கு நாளைக்கு ஒருமுறை, தீரும் முன்பே ஜோடியை மாற்றிவிடுகிறோம். ஒரு ஜோடி இன்னொன்றோடு கலக்காமல் இருக்கத் தங்கச்சியின் நகப்பாலிஷால் பொட்டு வைத்திருக்கிறோம். செல், சார்ஜர் எல்லாம் சேர்த்து 900 ரூபாய் ஆனது. ஆறு மாதத்தில் அது திரும்பி வந்துவிட்டது. தூக்கிப் போடும் பேட்டரியும் குறைந்தது.

நமக்கு அவர் யார்?

எங்கள் குடும்பத்தில் பத்தாவது தாண்டியது நான்தான் முதல். விண்ணப்பப் படிவத்தில் பெற்றோர் கல்வி என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று அம்மா என் முகத்தைப் பார்த்தது நினைவிருக்கிறது. டிப்ளமா முடித்தபின் நேரடியாக இரண்டாமாண்டு பி.இ. சேர்வதற்கான கலந்தாய்வு பல ஆண்டுகள் எந்த ஊரில் நடந்தது என்று நம் சீனியர்களைக் கேளுங்கள். காரைக்குடி என்பார்கள். எந்தக் கல்லூரியில் என்று கேளுங்கள். அழகப்பச் செட்டியார் பொறியியல் கல்லூரியில்! அங்கே போய் நின்ற எத்தனையோ முதல் தலைமுறைப் பிள்ளைகளுக்கு அந்தப் பெயருக்குப் பின்னால் இருந்த மனிதரைத் தெரிந்திருக்காது. எனக்கும் ஒரு டார்ச் கெட்டுப் போன பிறகுதானே தெரிந்தது.

சம்பாதித்ததைத் தனக்கே வைத்துக்கொண்டால் அது ஒருமுறை எரிந்து தீரும் பேட்டரி மாதிரி. படிப்புக்குக் கொடுத்தால், படித்த ஒவ்வொருவரும் திரும்ப நிரப்புவார்கள். அழகப்பர் அப்படிக் கொடுத்தார். நம்மிடம் முந்நூறு ஏக்கர் கிடையாது. ஆனால் தெரிந்த ஒரு பாடத்தைப் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்க ஒரு ஏக்கரும் வேண்டாமே!

தாம்பரத்தில் நிற்கும் பல்லவன் எக்ஸ்பிரஸ் காரைக்குடி வரை போகிறது. டிப்ளமா முடித்ததும் அதில் ஒருநாள் அப்பாவைக் கூட்டிக்கொண்டு போகப் போகிறேன். இரவெல்லாம் விழித்து என்னைப் படிக்க வைப்பவருக்கு, அந்த நிலையத்தின் வாசலையாவது பகல் வெளிச்சத்தில் காட்ட வேண்டும்.

வாழ்க வள்ளல் அழகப்பர் புகழ்!

— இரண்டாமாண்டு மாணவர், மின்னியல் மற்றும் மின்னணுவியல் துறை, செம்பாக்கம்