வால்டோக்கோவின் இரவுப் பள்ளி

இத்தாலியின் வடபகுதியில் பீட்மாண்ட் என்னும் நிலப்பரப்பு உள்ளது. அங்குள்ள பெக்கி என்ற சிற்றூரில், 1815ஆம் ஆண்டு ஆகஸ்ட் 16ஆம் நாள், உழவர் குடும்பமொன்றில் பிறந்தவர் ஜொவான்னி போஸ்கோ. குருவானவர்களைத் 'தொன்' என்று மதிப்புடன் அழைப்பது இத்தாலிய வழக்கம். அதனால் பின்னாளில் அவர் தொன் போஸ்கோ ஆனார். நம் ஊர்ப் பள்ளிகளின் பெயர்ப்பலகைகளில் 'டான் போஸ்கோ' என்று நாம் படிப்பது இவருடைய பெயரைத்தான்.

அவருக்கு இரண்டு வயது நிரம்பும் முன்னரே தந்தை இறந்துவிட்டார். தாய் மார்கரீத்தா எழுதப் படிக்க அறியாதவர். எனினும் தம் இளைய மகனின் கல்வி வேட்கையை நன்கு உணர்ந்திருந்தார். வீட்டிலோ அதற்குத் தடை இருந்தது. தந்தையின் முதல் மனைவிக்குப் பிறந்த மூத்தவர் அந்தோனியோ, உழவன் மகனுக்கு இலத்தீன் எதற்கு என்று சினந்தார். அவரைக் கொடியவராகச் சித்திரிப்பது எளிது. ஆனால், இளம் வயதிலேயே மண்வெட்டி பிடித்த ஒருவருக்கு, உழைக்க வேண்டிய கைகள் புத்தகத்தைப் புரட்டுவது வீண்வேலையாகத் தோன்றியதில் வியப்பில்லை. பூசல் முற்றியதால், தாய் வேறு வழியின்றி, பன்னிரண்டு வயது மகனை அயலூர்ப் பண்ணை ஒன்றுக்கு வேலைக்கு அனுப்பினார். மாடு மேய்க்கும்போதும் அவர் நூலைக் கைவிடவில்லை.

வீடு திரும்பிய பின் கலோசோ என்ற முதிய குருவானவர் அவருக்கு இலத்தீன் கற்பித்தார். ஓராண்டு அளவில் அவரும் மறைந்தார். 1831இல் கியேரி நகரப் பள்ளியில் சேர்ந்தபோது போஸ்கோவுக்கு வயது பதினாறு. தம்மைவிட மிகச் சிறிய பிள்ளைகளோடு ஒரே வகுப்பில் அமர வேண்டியிருந்தது. அவர் அதற்கு நாணவில்லை. விரைந்து அடுத்தடுத்த வகுப்புகளுக்கு உயர்ந்தார். படிப்புச் செலவுக்காகத் தையற்காரரிடம் துணி தைத்தார். கொல்லரிடம் சம்மட்டி பிடித்தார். காப்பிக்கடையில் ஏவல் செய்து, இனிப்புகள் செய்யவும் கற்றார். வறுமையால் கற்ற இத்தொழில்கள் பின்னாளில் அவருடைய பள்ளியில் பாடங்களாயின.

1841 ஜூன் 5ஆம் நாள் குருப்பட்டம் பெற்று அவர் துரின் நகருக்குச் சென்றார். தொழில்கள் பெருகிவந்த அந்நகருக்குச் சிற்றூர்களிலிருந்து சிறுவர்கள் கூட்டம் கூட்டமாக வந்தனர். சிலர் கொத்தனாருக்குக் கல் சுமந்தனர். சிலர் புகைபோக்கிகளைத் துப்புரவு செய்தனர். வேலையும் உறவும் இல்லாத சிலர் சிறைக்குச் சென்றனர். சிறைகளுக்குச் சென்று வந்த போஸ்கோவை, கம்பிகளுக்குப் பின்னால் கண்ட இளமுகங்கள் உறங்கவிடவில்லை.

அவ்வாண்டு டிசம்பர் 8ஆம் நாள், அசிசியின் புனித பிரான்சிஸ் ஆலயத்தில், பூசைக்கு உதவத் தெரியாத சிறுவன் ஒருவனைக் கோவிற்பணியாளர் அடித்து விரட்டினார். போஸ்கோ அவனைத் திரும்ப அழைத்தார். பார்த்தலோமேயோ கரெல்லி என்னும் அச்சிறுவன் பெற்றோரை இழந்தவன். கட்டட வேலை செய்பவன். படிக்கத் தெரியுமா, எழுதத் தெரியுமா, பாடத் தெரியுமா என்ற வினாக்களுக்கெல்லாம் தெரியாது என்றே சொன்னான். சீழ்க்கை அடிக்கத் தெரியுமா என்று கேட்டபோதுதான் அவன் முகத்தில் புன்னகை தோன்றியது. தெரியாதவற்றை அடுக்கிக்கொண்டிருந்தவனிடம், தெரிந்த ஒன்றைத் தேடிக் கண்டார் அந்த ஆசிரியர்.

சிறுவர் கூட்டம் பெருகியது. இரைச்சலைப் பொறுக்காதவர்கள் இடந்தர மறுத்தனர். பல இடங்கள் மாறி, 1846இல் வால்டோக்கோ பகுதியில் பினார்டி என்பவரின் கொட்டகையில் பள்ளி நிலைத்தது. மார்கரீத்தாவும் ஊரைவிட்டு வந்து, தாயற்ற பிள்ளைகளுக்குத் தாயானார்.

பகலெல்லாம் உழைக்கும் சிறுவர்கள் ஞாயிறன்று மட்டுமே படிக்க முடிந்தது. ஒரு ஞாயிறு கற்றது அடுத்த ஞாயிற்றுக்குள் மறந்துபோகும். எனவே போஸ்கோ சிறிதளவே கற்பித்து அதனையே மீண்டும் மீண்டும் பயிலச் செய்தார். பின்னர் இரவு வகுப்புகளைத் தொடங்கினார். ஆசிரியர்களுக்கு ஊதியம் தரப் பணமில்லை. ஆகவே மூத்த மாணவர் சிலருக்கு இத்தாலியம், இலத்தீன், பிரெஞ்சு, கணக்கு ஆகியவற்றைக் கட்டணமின்றிக் கற்பித்தார். கைம்மாறாக அவர்கள் இளையோர்க்குக் கற்பிக்க வேண்டும் என்பது ஏற்பாடு. தாம் கற்றது தமக்கு விளங்கியதா என்பதை அம்மாணவர்கள் தம் மாணவர்களிடமே அறிந்துகொண்டனர்.

1850இல் அந்நாட்டில் பழைய அளவைகள் நீங்கிப் பதின்ம முறை அளவைகள் நடைமுறைக்கு வந்தன. புதிய கணக்கை அறியாத கூலிச்சிறுவன் கடையிலும் ஏமாறுவான், கூலியிலும் ஏமாறுவான். இதனை முன்னுணர்ந்த போஸ்கோ, சட்டம் நடைமுறைக்கு வரும் முன்னரே அம்முறையை விளக்கி எளிய நூலொன்று எழுதினார். உரையாடல்களாக அமைத்து மாணவர்களை நடிக்கவும் செய்தார். கூட்டம் சிரித்துக்கொண்டே மீட்டரையும் லிட்டரையும் கற்றது.

வேலைக்குச் செல்லும் சிறுவர்களின் நிலையும் அவரை வருத்தியது. 1852இல் தச்சுப்பணி பயிலும் ஒரு சிறுவனுக்காக முத்திரைத்தாளில் எழுதப்பட்ட ஒப்பந்தம் இன்றும் உள்ளது. தொழில் சாராத வேலை வாங்கக் கூடாது, சொல்லால் மட்டுமே திருத்த வேண்டும், ஞாயிறு ஓய்வு தர வேண்டும் என்று முதலாளி அதில் உறுதி அளித்தார். அடுத்த ஆண்டே தம் இல்லத்தில் செருப்புத் தைக்கும் கூடத்தையும் தையற்கூடத்தையும் போஸ்கோ திறந்தார். நூற்கட்டும் தச்சும் அச்சுக்கூடமும் பின்னர் வந்தன. முதலில் தாமே பலகையில் அமர்ந்து வேலையைக் காட்டிக்கொடுத்தார்.

அவர் பள்ளி கத்தோலிக்கப் பள்ளி. திருப்பலியும் மன்றாட்டும் அதன் நடுநாயகம். அறிவு, சமயம், அன்பு ஆகிய மூன்றின்மேல் எழுந்த தம் கல்வி முறையை 1877இல் அவர் சிறு நூலாக எழுதினார். தவறு நேர்ந்தபின் தண்டிப்பதைவிட, மாணவரோடு உடனிருந்து தவறு நேராமல் காப்பதே அதன் உயிர். விளையாட்டுத் திடலில் ஆசிரியர் இல்லாத பள்ளியை அவரால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. பெண்களின் கல்விக்காக 1872இல் அவரோடு இணைந்து துறவற சபை தொடங்கிய மரிய மஸ்ஸரெல்லோ, வளர்ந்த பின்னரே எழுதக் கற்றவர்.

1884இல், உரோமையில் இருந்த முதியவர் தம் இல்லத்துக்கு நெடிய மடல் ஒன்று எழுதினார். வால்டோக்கோவில் ஆசிரியர்கள் மாணவர்களிடமிருந்து விலகி நிற்பதை அதில் கடிந்துகொண்டார். புகழ் பரவி, பள்ளிகள் கடல்கடந்த காலம் அது. எனினும், திடலோரத்தில் தனித்து நின்ற சிறுவர்களே அவர் கண்முன் நின்றனர்.

1888 ஜனவரி 31ஆம் நாள் அவர் மறைந்தார். பதினெட்டு ஆண்டுகளுக்குப் பின், மயிலாப்பூர் ஆயரின் அழைப்பை ஏற்று, அவருடைய சலேசிய சபையினர் தஞ்சாவூருக்கு வந்து சேர்ந்தனர். ஆதரவற்ற சிறுவர்களுக்கான இல்லத்தில் அவர்களின் பணி தொடங்கியது.