சக்கர நாற்காலியிலிருந்து வழிகாட்டிய டாக்டர் மேரி வர்கீஸ்

புதுக்கோட்டை மாவட்டத்தின் கடலோர ஊர் ஒன்றில், தென்னை மரத்திலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழ் செயலிழந்த ஒரு சகோதரரை நலம் விசாரிக்கச் சென்றோம். பள்ளிவாசலின் பாங்கு அவருடைய கட்டிலுக்குத் தெளிவாகக் கேட்கிறது. ஆனால் அவர் ஜும்ஆவுக்குப் போய் மூன்று ஆண்டுகள் ஆகிவிட்டன. வீட்டார் பாசத்தோடு கவனிக்கிறார்கள். வேளாவேளைக்குச் சாப்பாடு கட்டிலுக்கே வருகிறது. நாமும் துஆ செய்துவிட்டுத் திரும்பினோம். வழியில் டாக்டர் மேரி வர்கீஸின் நினைவு வந்தது.

1925-ல் கேரளாவின் கொச்சிப் பகுதியில் பிறந்தவர் அவர். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் படித்து மருத்துவரானார். 1954 ஜனவரியில் நண்பர்களோடு சென்ற வாகனம் விபத்துக்குள்ளானது. முதுகுத்தண்டு அடிபட்டதில் இரு கால்களும் செயலிழந்தன. அப்போது அவருக்கு வயது 28.

அவரும் முதலில் மனம் உடைந்துதான் போனார். அந்த நேரத்தில் அங்கே பணியாற்றிய அறுவைச் சிகிச்சை நிபுணர் பால் பிராண்ட், கால்கள் போனாலும் கைகள் இருக்கின்றன என்பதை அவருக்கு உணர்த்தினார். தொழுநோயால் விரல்கள் மடங்கிப் போனவர்களுக்கு, சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே அறுவைச் சிகிச்சை செய்யத் தொடங்கினார் மேரி. ஊரார் ஒதுக்கி வைத்தவர்களின் கைகள் அவரால் மீண்டும் உழைக்கத் தொடங்கின.

அதோடு அவர் நிற்கவில்லை. அமெரிக்காவின் நியூயார்க் சென்று மறுவாழ்வு மருத்துவம் பயின்றார். திரும்பி வந்து வேலூரில் அத்துறைக்குத் தலைமையேற்றார். 1966-ல், தங்கிச் சிகிச்சை பெறும் மறுவாழ்வு நிலையம் அங்கே உருவானது. நாட்டுக்கே அது முன்னோடி. 1972-ல் பத்மஸ்ரீ விருது பெற்ற அவர், 1986-ல் மறைந்தார்.

மறுவாழ்வு மருத்துவம் என்பது மருந்து மாத்திரை மட்டுமல்ல. படுக்கைப் புண் வராமல் சுமார் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரண்டு படுப்பது, கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறுவது, சிறுநீர்ப் பையைப் பராமரிப்பது, தானே குளித்து உடுத்துவது, முடிந்த தொழிலைக் கற்பது என எல்லாம் அதில் அடங்கும். குடும்பத்தாருக்கும் பயிற்சி உண்டு. எதைச் செய்து கொடுப்பது, எதை அவரையே செய்ய விடுவது என்று அவர்கள் கற்றுக்கொள்ள வேண்டும். எல்லாவற்றையும் நாமே செய்து கொடுப்பது பாசம்தான். ஆனால் அந்தப் பாசமே சில வேளைகளில் ஒருவரைக் கட்டிலோடு கட்டிப்போட்டு விடுகிறது.

இங்கே நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டும். அந்தச் சகோதரரைத் தடுத்தது அவருடைய கால்களா, பள்ளிவாசல் வாசலில் இருக்கும் மூன்று படிகளா? ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளத்தில் சாய்தளம் அமைத்தால் சக்கர நாற்காலி சிரமமின்றி ஏறும். உட்கார்ந்து ஒளூ செய்ய ஒரு குழாய், அகலமான கதவுள்ள ஒரு கழிவறை போதும். நம் நிக்காஹ் மண்டபங்களுக்கும் இது பொருந்தும். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை அங்கீகரிக்கிறது. அடையாள அட்டைக்கும் உதவிகளுக்கும் புதுக்கோட்டையிலுள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தை அணுகலாம். ஜமாஅத் இளைஞர்கள் உடன் சென்று மனு எழுதிக் கொடுத்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

இது நமக்குப் புதிய பாடமும் அல்ல. கண்பார்வை இல்லாத அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்களை நபி (ஸல்) அவர்கள் முஅத்தினாக்கினார்கள். தாம் வெளியூர் சென்ற வேளைகளில் மதீனாவின் பொறுப்பையும் ஒப்படைத்தார்கள். இரக்கப்பட்டு மூலையில் உட்கார வைக்கவில்லை.

அந்தச் சகோதரரின் வீட்டுக்கு மீண்டும் போக எண்ணியுள்ளோம். இம்முறை துஆவோடு, ஜமாஅத் நிர்வாகிகளையும் ஒரு கொத்தனாரையும் அழைத்துச் செல்வோம், இன்ஷா அல்லாஹ்.